படுத்தால் ஒன்று, நின்றால் ஒன்று: ஈரல் நோயாளி வீட்டில் பிபி மெஷினும் குளியல் நாற்காலியும்

முதலிலேயே தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். லிவர் சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகுகிற நோய் முற்றி, வயிற்றில் நீர் கோர்த்து, சிறுநீரை அதிகம் போக வைக்கிற நீர் மாத்திரையும், நாடித் துடிப்பைக் குறைக்கிற பீட்டா பிளாக்கர் மருந்தும் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒருவர் வீட்டில் இருந்து, அவர் எழுந்து நிற்கும்போதெல்லாம் தலைசுற்றுகிறது என்று சொன்னால், மேல்கையில் கட்டுகிற சாதாரண தானியங்கி பிபி மெஷின் ஒன்று கண்டிப்பாக வேண்டும். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று மெஷினின் குற்றமில்லை, அதனால் காட்ட முடியாத சில விஷயங்களுக்காக. குளியல் நாற்காலிக்கு ஐந்துக்கு ஐந்து, யோசிக்காமல் வாங்கலாம். மணிக்கட்டில் கட்டுகிற மெஷின், உறிஞ்சி ஒட்டுகிற கைப்பிடி இரண்டும் வேண்டவே வேண்டாம்.

பிபி மெஷினுக்கு எழுதப்பட்ட விமர்சனங்களைத் தேடிப் படித்தால் எல்லாமே ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறவர்கள் எழுதியவை. 150 காட்டியது, கிளினிக்கில் 146 காட்டியது, நல்ல மெஷின், நன்றி. நமக்கு அது உதவாது. நம் வீட்டுப் பிரச்சினை எதிர்ப்பக்கம். 90-ஐ ஒட்டிய எண்ணை அது சரியாகப் பிடிக்கிறதா, நின்றுகொண்டு எடுத்தால் வேலை செய்கிறதா, கை லேசாக நடுங்கினால் என்ன ஆகும், மெலிந்துபோன கைக்குப் பட்டை பொருந்துமா என்று யாரும் எழுதியிருக்கவில்லை. அதனால்தான் இது.

அப்பாவுக்குப் பல வருடமாக பிபி அதிகம், மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர். ஈரல் நோய் முற்ற முற்ற அந்த எண் தானாக இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. டாக்டர்தான் இது நல்ல செய்தி இல்லை என்று விளக்கினார். ஈரல் தழும்பேறி இறுகும்போது குடலிலிருந்து ஈரலுக்கு வருகிற போர்ட்டல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறுகிறது. அதே சமயம் குடல் பகுதியின் ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிந்துகொள்கின்றன, நைட்ரிக் ஆக்சைடு போன்ற பொருட்களின் வேலை அது. உடம்பில் ரத்தம் குறையவில்லை, ஆனால் அதில் பெரும் பங்கு வயிற்றுப் பக்கமே தேங்கி நிற்பதால் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற பாதையில் அழுத்தம் குறைந்துவிடுகிறது. இந்த நிலைமையில் நீர் மாத்திரையும் சேர்ந்தால், எழுந்து நிற்கிற அந்த நொடியில் ரத்தம் காலுக்கு இறங்க, மேலே ஏற்றித் தர உடம்பிடம் இருப்பு இல்லை. கண் இருட்டுகிறது, கால் மடங்குகிறது. பழைய பிபி மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். உங்கள் வீட்டில் வயிற்றில் நீர் கோர்த்த பிறகும் பழைய பிபி மாத்திரை தொடர்ந்துகொண்டிருந்தால், அதுவும் 'பிரில்' என்றோ 'சார்ட்டன்' என்றோ முடிகிற பெயராக இருந்தால், அடுத்த வேளைக்கு முன்பே போன் செய்து கேளுங்கள். அந்த வகை மருந்துகளை வயிற்றில் நீர் கோர்த்தவர்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள், சிறுநீரகம் அடிவாங்கும்.

சரி, மெஷினுக்கு வருவோம். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, அதைவிட முக்கியமான விஷயம் வேறு இருக்கிறது. அது பட்டை. பெட்டிக்குள் வருகிற பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 சென்டிமீட்டர் வரையிலான கைச்சுற்றுக்கானது, சிலவற்றில் 42 வரைகூடப் போகும். ஈரல் நோய் முற்றியவர்களின் உடம்பைப் பார்த்திருப்பீர்கள், வயிறும் காலும் வீங்கியிருக்கும், தோளும் மேல்கையும் எலும்பும் தோலுமாக இருக்கும், ஏனென்றால் தசை கரைந்துகொண்டே போகிறது. அப்பாவின் மேல்கையைத் தையல் டேப் வைத்து அளந்தபோது 21தான் இருந்தது. அந்தக் கையில் பெரிய பட்டையைச் சுற்றினால் பிபி உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும். ஏற்கெனவே குறைவாக இருக்கிறவருக்கு இன்னும் குறைத்துக் காட்டினால் என்ன ஆகும், ராத்திரி பத்து மணிக்கு வீடே பதறும். சின்ன பட்டை தனியாகத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதற்காகத்தான் எனக்குக் கோபம். கடையில் கேட்டால் "எல்லாருக்கும் இதுவேதான் சார், நல்லா இறுக்கிக் கட்டுங்க" என்கிறார்கள். இறுக்கிக் கட்டுவதால் பட்டை சின்னதாகிவிடாது. வாங்கும் முன்னாலேயே கையை அளந்து வைத்துக்கொண்டு, அந்த மாடலுக்குச் சின்ன பட்டை தனியே கிடைக்குமா என்று கேட்டுவிட்டு மெஷினை வாங்குங்கள். ஒரு கம்பெனியின் பட்டை இன்னொன்றில் குழாய் பொருந்தினாலும் அளவு சரியாக வரும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, அது பரிசோதித்துத் தேறிய மாடலா என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கிற 'துல்லியமானது' என்ற வார்த்தைக்கு மதிப்பில்லை. ஸ்ட்ரைட் பிபி என்ற தளத்தில், மருத்துவ ரீதியாகச் சரிபார்க்கப்பட்ட மெஷின்களின் பட்டியல் மாடல் எண்ணோடு இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

எங்களிடம் இருப்பது காற்று ஏறும்போதே அளந்துவிடுகிற வகை. பழைய வகை கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏற்றிவிட்டு இறங்கும்போது அளக்கும், அதில் கை நசுங்குகிற மாதிரி இருக்கும். இது நமக்கு வெறும் வசதிக்கான விஷயம் இல்லை. ஈரல் நோயில், ரத்தம் உறைய உதவுகிற தட்டணுக்கள் குறைந்திருக்கும். பட்டையைக் கழற்றிய பிறகு முழங்கைக்கு மேலே ஊசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள் வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் காட்டினேன், தட்டணு குறைவாக இருப்பதால்தான் இப்படி, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள் என்றார். மெல்லிய பருத்தித் துணி ஒன்றைச் சுருக்கம் இல்லாமல் கைக்கும் பட்டைக்கும் நடுவில் வைத்துக்கொள்கிறோம். சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றி அதற்குக் கீழே கட்டுவது மட்டும் கூடாது, சுருட்டிய துணியே கையை இறுக்கிவிடும்.

இப்போது முக்கியமான இடம். இந்த மெஷினை எல்லோரும் பயன்படுத்துகிற மாதிரி, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு தடவை எடுத்து, எண்ணை எழுதி வைத்தால் பாதிப் பணம் வீண். உட்கார்ந்திருக்கும்போது அப்பாவுக்குத் தலைசுற்றுவதே இல்லை. சுற்றாத நேரத்தில் எடுத்த எண்ணைக் கொண்டுபோய்க் காட்டினால் டாக்டரும் "பரவாயில்லையே" என்றுதான் சொல்வார். ஐந்து நிமிடம் படுத்திருக்கச் செய்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு தடவை, மூன்றாவது நிமிடத்தில் இன்னொரு தடவை எடுக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ அது நிற்கும்போது வருகிற பிபி வீழ்ச்சி. ஒரு காலையில் அப்பாவுக்குப் படுத்திருக்கையில் 108/64, நின்று ஒரு நிமிடத்தில் 84/52. அந்த ஒரு வரியைக் காட்டியபோது டாக்டர் கேள்வி கேட்ட விதமே மாறிவிட்டது. நீர் மாத்திரை எந்த நேரத்தில், எடை ஒரு நாளைக்கு எவ்வளவு இறங்குகிறது, வயிற்றை இளக்குகிற லாக்டுலோஸ் சிரப்பில் எத்தனை தடவை வயிறு போகிறது என்று வரிசையாகக் கேட்டுவிட்டு நீர் மாத்திரையின் அளவைக் குறைத்தார், ரத்தத்தின் உப்பான சோடியத்தையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினினையும் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார்.

நின்றபடி எடுப்பதில் இந்த மெஷினின் நல்லதும் கெட்டதும் தெரியும். நல்லது, பொத்தானை அழுத்தியதும் உடனே ஆரம்பித்துவிடுகிறது, எண் பெரிதாக இருக்கிறது, தேதியும் நேரமும் தானே பதிவாகிறது. கெட்டது, இதில் 'மூன்று தடவை எடுத்துச் சராசரி காட்டு' என்ற வசதி ஒன்று பெட்டி மேலேயே பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், அது நிற்கும்போது உதவாது. முதல் நிமிட வீழ்ச்சியையும் மூன்றாம் நிமிட எண்ணையும் சேர்த்துச் சராசரி ஆக்கினால் நமக்கு வேண்டிய வித்தியாசமே அதில் கரைந்துவிடுகிறது. அந்த வசதியை அணைத்துவிடுங்கள். அப்புறம் கை. நிற்கும்போது கை தானாகத் தொங்கும். பட்டை இதயத்தின் மட்டத்துக்குப் 10 சென்டிமீட்டர் கீழே இருந்தால் எண் ஏறத்தாழ 8 கூடுதலாகக் காட்டும். அதாவது தொங்குகிற கை, நாம் தேடுகிற வீழ்ச்சியை மறைத்துவிடும். அப்பாவின் முன்கையை என் தோளில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், அப்போது பட்டை நெஞ்சு மட்டத்தில் நிற்கும், அவருக்கும் பிடிமானம் ஆகிவிடும்.

"தினமும் எழுப்பி நிக்க வச்சு என்னடா போட்டோவா எடுக்கப்போற?"

"அசையாம நில்லுங்கப்பா, பேசினா எண் மாறிடும்."

பேசினால் உண்மையாகவே மாறும், விளையாட்டில்லை. பக்கத்தில் பின்பக்கமாக நாற்காலியோ கட்டிலோ இருக்கட்டும், தலைசுற்ற ஆரம்பித்தால் எண் வரும்வரை நிற்க வைக்காதீர்கள், உடனே உட்கார வையுங்கள். எண் கிடைக்காவிட்டால் போகட்டும். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் நின்று எடுக்கிற வேலையே வேண்டாம்.

சில நாள் மெஷின் பிழை காட்டும். இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்பக் காற்றேற்றிப் பிறகு ஒரு குறியைக் காட்டி நின்றுவிடும். கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள், அதைத் தவிர வேறு பதில் அவர்களிடம் இல்லை. எங்கள் வீட்டில் காரணம் பேட்டரி இல்லை, கை நடுக்கம். ஈரல் வெளியேற்ற வேண்டிய அம்மோனியா போன்ற கழிவுகள் மூளைக்குப் போகும்போது, கையை நீட்டி விரலை விரித்துப் பிடிக்கச் சொன்னால் மணிக்கட்டு பொத்துப் பொத்தென்று விழும். அந்த நாட்களில் பட்டைக்குள் இருக்கிற கையும் அசைந்துகொண்டே இருப்பதால் மெஷினுக்கு நாடி பிடிபடுவதில்லை. ஆக, பிழை காட்டுகிற நாளில் நான் முதலில் பார்ப்பது அப்பாவின் கையையும் பேச்சையும். ராத்திரி தூங்காமல் பகலில் தூங்கினாரா, கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரம் ஆகிறதா, நேற்று வயிறு போனதா? அது வேறு பிரச்சினை, அதற்கு வேறு வைத்தியம். அதையும் அப்பா தலைசுற்றல் என்றுதான் சொல்லுவார்.

இங்கேதான் அந்த ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தேன். நின்றாலும் எண் இறங்கவில்லை, ஆனாலும் தலை கிறுகிறு என்று வருகிறது என்றால் மெஷின் கையை விரித்துவிடும். சோடியம் குறைந்திருக்கலாம், நீர் மாத்திரை எடுப்பவர்களிடம் அடிக்கடி நடக்கிறது, நடை தள்ளாடும், ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். சர்க்கரை இறங்கியிருக்கலாம். நல்ல ஈரல் இரவுக்கான சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும், கெட்டுப்போன ஈரலால் அது முடிவதில்லை, அதனால் இரவு முழுக்க வெறும் வயிறாக இருப்பது இவர்களுக்கு ஆகாது, படுக்கும் முன் ஏதாவது சாப்பிடச் சொல்வதே அதற்குத்தான். அப்பாவுக்குச் சர்க்கரை நோயும் இருப்பதால் விரலில் குத்திப் பார்க்கிற மெஷின் ஏற்கெனவே வீட்டில் இருந்தது, விடியற்காலைத் தலைசுற்றலுக்கு அதைத்தான் முதலில் எடுக்கிறோம். ரத்தசோகையாக இருக்கலாம். தலையைத் திருப்பினாலோ படுக்கையில் புரண்டாலோ அறையே சுழல்கிறது என்றால் அது உள்காதுப் பிரச்சினையாக இருக்கலாம், ஈரலுக்கே சம்பந்தம் இருக்காது. வயிற்றுத் தண்ணீர் எடுத்துவிட்டு வந்த மறுநாள் தலைசுற்றினால் அது தனிக் கதை. 5 லிட்டருக்கு மேல் எடுத்தால் கூடவே ஆல்புமின் என்கிற ரத்தப் புரதத்தை நரம்பு வழியாக ஏற்றுவது வழக்கம், எடுத்த ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் வரை. அது ஏற்றாமல் விட்டால் அடுத்த சில நாட்களில் பிபி சரிந்து சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். ஏற்றினார்களா, எவ்வளவு என்று டிஸ்சார்ஜ் தாளைப் பார்த்துவிட்டுத்தான் நான் வண்டியே எடுப்பேன்.

மெஷின் காட்டுகிற இன்னொரு எண்ணை மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பாருங்கள், அது நாடித் துடிப்பு. வழக்கமாக உள்ளே ரத்தம் கசிந்தால் துடிப்பு எகிறும், அதை வைத்தே சந்தேகப்படலாம். ஆனால் புரோப்ரனலால், கார்வெடிலால் போன்ற பீட்டா பிளாக்கர் எடுப்பவர்களுக்கு அந்த மருந்து துடிப்பைப் பிடித்து வைத்திருக்கும். உணவுக்குழாயில் புடைத்திருக்கிற ரத்தக்குழாய் வெடிக்காமல் இருப்பதற்காகத்தான் அந்த மருந்தையே கொடுக்கிறார்கள். எனவே துடிப்பு 68, எல்லாம் நலம் என்று மெஷினை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. தார் மாதிரிக் கறுத்து மலம் போனாலோ, ரத்தமாக வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, காய்ச்சலோ வயிற்று வலியோ சேர்ந்தாலோ, மயங்கி விழுந்தாலோ, பிபி எடுக்கக்கூட நேரம் செலவழிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தலை எங்கேயாவது இடித்திருந்தால், வெளியே காயமே இல்லாவிட்டாலும், ஆள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தாலும் போய்த்தான் ஆக வேண்டும். தட்டணுவும் குறைவு, உறைதலும் சரியில்லை, உள்ளே மெதுவாகக் கசிவது வெளியே தெரியாது.

பீட்டா பிளாக்கர் பற்றி இன்னும் ஒன்று. போர்ட்டல் அழுத்தம் பற்றி நிபுணர்கள் கூடி எழுதி 2022-ல் வெளிவந்த பாவனோ 7 வழிகாட்டுதலில், வயிற்றில் நீர் கோர்த்தவருக்கு மேல் எண் தொடர்ந்து 90-க்குக் கீழேயோ, சராசரி அழுத்தம் 65-க்குக் கீழேயோ இருந்தால் அந்த மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டும் என்று இருக்கிறது. சராசரி அழுத்தம் என்பது கீழ் எண்ணை இரண்டால் பெருக்கி, மேல் எண்ணைக் கூட்டி, மூன்றால் வகுத்தால் வருவது. 88/55 என்றால் 66. சில மெஷின்களில் அதுவே வந்துவிடும், எங்களுடையதில் இல்லை. 'தொடர்ந்து' என்கிற சொல்லைக் கவனியுங்கள், ஒரு நாள் 86 வந்ததற்காக நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், ரத்தக்குழாய் வெடிக்கிற ஆபத்து திரும்ப வந்துவிடும். எண்களை வரிசையாக எழுதிக் கொண்டுபோய்க் காட்டுவதுதான் நம் வேலை, மெஷின் வாங்கியதே அதற்குத்தான்.

பார்க்க வருகிற சொந்தக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிபி குறைவு என்று கேள்விப்பட்டதும் ஆளாளுக்கு வைத்தியம் சொல்லுவார்கள். உப்புப் போட்டுக் குடிக்கச் சொல், உப்புச்சர்க்கரைக் கரைசல் பாக்கெட் வாங்கிக் கொடு, தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும். சாதாரண ஆளுக்கு எல்லாமே சரியான யோசனைதான். ஈரல் நோயாளிக்கு ஒவ்வொன்றும் தலைகீழ். உப்பு சேர்த்தால் அது வயிற்றில்தான் நீராகச் சேரும். சோடியம் ரொம்பக் குறைந்தவர்களுக்குத் தண்ணீரையே அளந்து கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். மருந்துக் கடையில் தலைசுற்றலுக்கு என்று கேட்டால் தருகிற மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை, அம்மோனியாவால் வருகிற மூளை மந்தத்துக்கு அதைவிட வேறு வினை வேண்டாம். விழுந்து அடிபட்ட வலிக்கு டைக்ளோபெனாக், ஐபுப்ரூபன் வகை மாத்திரைகளும் ஆகாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக்கசிவையும் தூண்டும். சித்தப்பாவிடம் இதை விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே தலைசுற்றிவிட்டது.

சரி, மருந்தும் உப்பும் தண்ணீரும் நம் கையில் இல்லை என்றால் மிச்சம் இருப்பது விழாமல் பார்த்துக்கொள்வதுதான். அதற்கு நாங்கள் வாங்கியதில் உருப்படியான பொருள் குளியல் நாற்காலி. குளியலறையில் தலைசுற்றுவதற்குக் காரணம் ஈரமான தரை மட்டும் இல்லை. வெந்நீர் பட்டால் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து பிபி மேலும் இறங்கும், அதோடு நின்றபடி கையைத் தூக்கித் தலைக்குச் சோப்புப் போடுவது, கண்ணை மூடுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். கை வைக்கவும் சாயவும் வசதி உள்ளதாக வாங்குங்கள், வெறும் முக்காலி வேண்டாம். எழுந்திருக்கும்போது இரண்டு கையையும் ஊன்ற ஏதாவது வேண்டும், தொடைத் தசை போனவர்களுக்குக் கையால் உந்தித்தான் எழ முடியும். கால்களின் உயரத்தை மாற்றுகிற வசதி இருந்தால் சற்று உயர்த்தி வையுங்கள், தாழ்ந்த இருக்கையிலிருந்து எழும்போதுதான் தலைசுற்றல் அதிகம். காலடியில் ரப்பர் அகலமாக இருக்க வேண்டும், எங்கள் நாற்காலியில் அது நன்றாக இருக்கிறது, சோப்புத் தண்ணீரிலும் நகரவில்லை. தாங்கும் எடை எவ்வளவு என்று பாருங்கள், வயிற்றில் நீர் இருக்கும்போது எடை எக்கச்சக்கமாக ஏறும். குறை என்றால் இருக்கைதான். பின்பக்கச் சதை இல்லாதவர்களுக்குக் கெட்டி பிளாஸ்டிக் குத்துகிறது, தோலும் மெலிந்து போயிருக்கும், உரசினால் கிழியும். தண்ணீர் வடிகிற மெத்தை ஒன்றைப் போட்டிருக்கிறோம், அப்பா இப்போது முனகுவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீர், உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது, இந்த இரண்டுக்கும் காசு ஆகாது.

உறிஞ்சி ஒட்டுகிற கைப்பிடியைப் பற்றி ஒரே வரி. டைல்ஸில் ஒட்டிய அன்று மலை மாதிரி நிற்கும், ஒரு நாள் பிடித்து இழுக்கும்போது கையோடு வரும், அதை நம்பி எடையைப் போட்டவர் கீழே கிடப்பார். சுவரில் துளை போட்டு ஆணி முறுக்கிய கம்பிதான் சரி, கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் ஒன்று.

மூடி போட்ட சிறுநீர் பாட்டிலுக்கும் தனியாக நட்சத்திரம் தரலாம். ராத்திரி இருட்டில் அவசரமாக எழுந்து நடப்பதும், ஆண்கள் நின்றுகொண்டே சிறுநீர் கழிப்பதும் பிபி சட்டென்று இறங்குகிற நேரங்கள். அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்குக் கௌரவக் குறைவாகத் தெரிந்தது. "உங்களுக்காக இல்லப்பா, எனக்குத் தூக்கம் வேணும்" என்று சொன்னதும் ஒத்துக்கொண்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே முடித்துக்கொள்கிறார். நீர் மாத்திரையைக் காலையில் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொண்டோம், ராத்திரி எழுவதே குறைந்துவிட்டது. எழுந்தே ஆக வேண்டுமென்றால் படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டி, கட்டில் ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு நின்று, உடனே நடக்காமல் கொஞ்சம் நிலைகொண்டுவிட்டு நடக்கச் சொல்கிறோம். நிற்கும்போது கிறுகிறுத்தால் தொடையை இறுக்கிப் பிடித்தால் கொஞ்சம் தாங்கும்.

மணிக்கட்டு மெஷின் ஏன் வேண்டாம் என்றால், கையின் உயரம் சற்று மாறினாலும் எண் தாவும், நடுக்கம் உள்ளவருக்கு அது சூதாட்டம். காலை இறுக்குகிற நீள உறைகளையும் பார்த்தோம். வீங்கி மெலிந்த தோலில் அதை ஏற்றி இறக்குவதற்குள் புண் வந்துவிடும்போல் இருந்தது, டாக்டரும் வேண்டாம் என்றார். வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற பெல்ட் நிற்கும்போது வருகிற பிபி வீழ்ச்சிக்கு நல்லது என்று எங்காவது படித்தால், அது வயிற்றில் நீர் இல்லாதவர்களுக்கு எழுதியது, கேட்காமல் கட்டாதீர்கள். ஒற்றைக் கைத்தடி அப்பாவுக்குப் போதவில்லை, நான்கு கால் வாக்கர்தான் உதவுகிறது. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் மீட்டர் மட்டும் வைத்திருக்கலாம். ஈரல் நோயில் சிலருக்கு நுரையீரலின் சின்ன ரத்தக்குழாய்கள் விரிந்துபோய், படுத்தால் மூச்சு நன்றாகவும் நின்றால் திணறலாகவும் இருக்கும். நிற்கும்போது அந்த எண்ணும் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது. அதற்கு மேல் அந்த மீட்டரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு நாளுக்கு ஒரு வரிதான் எழுதுகிறேன்: காலை எடை, படுத்த எண், நின்ற எண்கள், வயிறு எத்தனை தடவை போனது, தலைசுற்றியபோது என்ன செய்துகொண்டிருந்தார். லாக்டுலோஸில் இரண்டு மூன்று தடவை இளக்கமாகப் போவதுதான் இலக்கு, தண்ணீராக ஐந்தாறு தடவை போன நாட்களின் மறுநாள் நின்ற எண் சரிந்திருப்பதை அந்த வரிகளை அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தோம். எடையும் அப்படித்தான், காலில் வீக்கம் இல்லாதவருக்கு நாளொன்றுக்கு அரை கிலோவுக்கு மேல் இறங்கினால் நீர் மாத்திரை அதிகமாக வேலை செய்கிறது என்று அர்த்தம், கால் வீக்கம் இருந்தால் ஒரு கிலோ வரை விடுவார்கள். எடை மெஷின் கண்ணாடி மேல்தளம் உள்ளதாக வேண்டாம், ஈரக்காலோடு ஏறினால் வழுக்கும். பிபி மெஷினை அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போங்கள், அங்கே நர்ஸ் எடுத்ததும் அதே கையில் நம் மெஷினிலும் எடுத்து ஒத்துப் பாருங்கள். எங்களுடையது 4 குறைவாகக் காட்டியது, அட்டையில் பேனாவால் எழுதி மெஷின் முதுகில் ஒட்டி வைத்திருக்கிறேன்.